ஓடு உடைந்த இடத்தைப் பாருங்கள்

கேள்வி: தூத்துக்குடியில் வசிக்கிறேன். மீன்வலையில் சிக்கி வரும் கடல் முள்ளெலிகளின் ஓடுகளைச் சுத்தம் செய்து விற்பதுதான் என் பிழைப்பு. பெங்களூருக்குக் கூரியரில் அனுப்பிய 40 ஓடுகளில் 31 உடைந்துவிட்டன. 14,000 ரூபாய் நஷ்டம். ரசீதின் பின்பக்கத்தைக் காட்டி, 100 ரூபாய்தான் தருவோம் என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். பெங்களூருக்கு அலைய வேண்டாம்.

முட்டுக்கட்டை அந்த 100 ரூபாய்தான். கையெழுத்திட்ட ரசீதில் உள்ள வரம்பு அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் என்று, கூரியர் நிறுவனத்துக்கு எதிரான பாரதி நிட்டிங் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே ரசீதை எடுத்துப் பாருங்கள்: உங்கள் கையெழுத்து இருக்கிறதா? பொருளின் மதிப்பை எழுதிக் கொடுத்தீர்களா? கையெழுத்தே இல்லையென்றால், அந்த நிபந்தனையை நீங்கள் ஏற்கவில்லை என்று வாதாட இடம் உண்டு. ஒப்பந்தமே நியாயமற்றது என்று கேட்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

'பொருளே பலவீனமானது, எங்கள் தவறு இல்லை' என்பார்கள். அதற்குப் பதில் ஓட்டிலேயே இருக்கிறது. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; முள்ளெலி ஊர்ந்து நகர உதவும் குழாய்க்கால்கள் வெளிவந்த ஊசித்துளைகள் ஐந்து பட்டைகளாகத் தெரியும். சுண்ணாம்புத் தகடுகள் 20 வரிசையாகப் பொருந்தி, நுண்ணிய நார்களால் பிணைக்கப்பட்டவைதான் அந்த ஓடு. பிளீச்சிங்கில் அதிக நேரம் ஊறினால் நார் அரித்துப்போய், இணைப்புக் கோடு வழியே ஓடு பிரியும். உங்கள் ஓடுகள் அப்படிப் பிரிந்திருந்தால் வழக்கு பலவீனம்தான், மறைக்காமல் சொல்கிறேன். தகடுகளே குறுக்காக நொறுங்கி, பெட்டியின் மூலையும் நசுங்கியிருந்தால் வெளியிலிருந்து அடி விழுந்திருக்கிறது என்று காட்டலாம். அடிப்பக்க வாய்த்துளை வழியாகவும் பாருங்கள். 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' எனப்படும் ஐந்து பல் கொண்ட தாடை கழன்று உள்ளே உருண்டிருந்தால், உள்ளிருந்தே உடைத்தது என்பார்கள். அதை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினீர்களா என்பதை மனுவில் எழுதுங்கள்.

ஒரு துண்டைக்கூட எறிய வேண்டாம் என்று வாங்கியவரிடம் இன்றே சொல்லுங்கள். பெட்டி, பஞ்சு, ஓடு எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். பார்சலைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போய்விட வேண்டும். சாலைவழிச் சரக்குச் சட்டத்தில் அந்தக் கெடு இருக்கிறது.

மீனவரிடம் வாங்கிய சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதையும் பொறுக்கி எடுப்பது குற்றம். ஓடு எங்கிருந்து வந்தது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும்.