கொப்பியைப் பிறகு திறக்கலாம்: வன்னிக்கு வரும் மருத்துவ மாணவர்களுக்குக் கேள்வி பதில்

32 வருடம் வட இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் குடும்பநல உத்தியோகத்தராக, ஊர்ச் சொல்லில் மிட்வைஃபாக, வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். கடைசிப் பத்து வருடமும் மருத்துவபீடப் பிள்ளைகள் குழுக்குழுவாக வந்து எங்கள் ஊரில் தங்கினார்கள். அவர்களை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு திரிந்தவளும் நான்தான். அடுத்த மாதம் இன்னொரு குழு வருகிறதாம். அதனால் இந்தக் கேள்வி பதில். மருந்தின் அளவு மட்டும் கேட்காதீர்கள், நான் டொக்டர் இல்லை.

கேள்வி (இரண்டாம் வருட மாணவி): அக்கா, இரண்டு கிழமை தங்கப் போகிறோம். என்னென்ன கொண்டுவர வேண்டும்?

டோர்ச், நுளம்பு வலை, குடை, தண்ணீர்ப் போத்தல், வாசலில் சுலபமாகக் கழற்றக்கூடிய செருப்பு. வெள்ளைக் கோட் வேண்டாம். ஸ்டெத்தைக் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு ஒழுங்கையில் நடக்காதீர்கள். பின்னால் பத்துப் பேர் குளிசை கேட்டு வருவார்கள், உங்கள் பையில் ஒன்றும் இருக்காது.

கேள்வி (மூன்றாம் வருட மாணவன்): வார்ட்டில் படிக்க முடியாத எதை ஊரில் படிக்கப் போகிறோம்? உண்மையாகவே கேட்கிறேன், நக்கல் இல்லை.

நக்கல் என்றாலும் நல்ல கேள்விதான், தம்பி. ஒரு கதை சொல்கிறேன். பிரஷர் வருத்தம் உள்ள ஒரு அம்மா. கிளினிக் புத்தகத்தில் 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று மூன்று தரம் எழுதியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஏச்சு. அந்த வருடம் வந்த ஒரு மாணவிக்கு அந்த வீடு கிடைத்தது. முதல் நாள் அந்தப் பிள்ளைக்கும் அம்மா "மறந்து போறன்" என்றுதான் சொன்னார். நாலாம் நாள் மாணவி அவரோடு கச்சான் பிடுங்கப் போனாள். வெட்டவெளித் தோட்டம், பத்துப் பன்னிரண்டு பேர், பாதி ஆம்பிளைகள். பத்து மணி போல அம்மா சொன்னார்: "அந்தக் குளிசை போட்டால் அடிக்கடி ஒண்டுக்கு வரும் பிள்ளை. இஞ்சை எங்கை போறது?"

அது சிறுநீர் போக்கும் குளிசை. கூலிக்குப் போகும் நாளில் போடமாட்டார். வீட்டில் நிற்கும் நாளில் போடுவார். மறதி இல்லை, கணக்கு. மாணவி வந்து எனக்குச் சொன்னாள். நாங்கள் டொக்டரிடம் சொன்னோம், அவர் மருந்தை மாற்றி எழுதினார். இதை வார்ட்டில் அந்த அம்மா சொல்லியிருப்பாரா? சுற்றிவர எட்டுப் பேர் நிற்க, கட்டிலில் இருந்துகொண்டு?

கேள்வி (இரண்டாம் வருட மாணவன்): பாம்பு அதிகமா?

இருக்கிறது. வயல், குளம், பக்கத்தில் காடு, இல்லாமல் எப்படி? ஆனால் நீங்கள் பயப்படுகிற பாம்பு வேறு, பயப்பட வேண்டிய பாம்பு வேறு. புடையன் கடித்தால் நோ, வீக்கம் இருக்கும், தெரிந்துவிடும். கட்டுவிரியன் இரவில் வரும். நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரைக் கடிக்கும். பல்லுப் பட்ட அடையாளம் பல வேளை தெரியாது, நோவும் இருக்காது. விடிய வயிற்று நோ என்று சொல்லுவார்கள், பிறகு கண் இமை தொங்கும், பிறகு மூச்சு. நிலத்தில் படுத்த ஒருவர் விடியற்காலையில் வயிற்று நோ என்று வந்தால் இமையைப் பாருங்கள். வார்ட்டில் நிற்கும்போதும் இதை மறக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: நுளம்பு வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். இரவில் டோர்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். யாருக்காவது கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், வெட்டாதீர்கள், பாம்பைத் தேடி அடிக்க நேரம் வீணாக்காதீர்கள். ஆளை அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி (நாலாம் வருட மாணவி): எங்களுக்கு ஒரு குடும்பப் படிவம் தந்திருக்கிறார்கள். முதல் கேள்வியே வீட்டு அங்கத்தவர் எண்ணிக்கை. அதிலிருந்து தொடங்கலாம்தானே?

தொடங்காதீர்கள். இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எந்த ஊரிலும் அது சும்மா கேள்வி. வன்னியில் அது சும்மா கேள்வி இல்லை. போர் முடிந்த 2009க்குப் பிறகு வீட்டில் எத்தனை பேர் என்பதற்குப் பதில் தெரியாத வீடுகள் இங்கே இருக்கின்றன. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட்டமாகப் போய் இருந்தது நினைவிருக்கும். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்கும் படிவம் போகும்.

நான் பக்கத்தில் இருந்து பார்த்தது இது. ஒரு மாணவன், நல்ல பிள்ளை, பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தான். "வீட்டில் எத்தனை பேர் அம்மா?" "ஐஞ்சு." அவனும் 5 என்று எழுதினான். திண்ணையில் இருந்த சின்னவள், "அம்மா, நாங்கள் நாலு பேர்தானே" என்றாள். பிள்ளை என்ன செய்தான்? அழிறப்பரை எடுத்து 5ஐ அழித்து 4 என்று போட்டான். அந்த அம்மா அழிறப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். தூளை அவன் ஊதிவிட்டபோது எழும்பி உள்ளே போனார். திரும்பி வரவில்லை. அவனில் பிழை சொல்லமாட்டேன், படிவத்தில் ஒரு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது.

அதனால் முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள். கிணறு, மாடு, பள்ளிக்கூடம், மழை என்று கதையுங்கள். எண்ணிக்கை தானாக வரும். அம்மா ஐந்து என்றால் ஐந்து என்று எழுதுங்கள். இன்று வீட்டில் இருப்பவர்கள் நாலு என்று பக்கத்தில் சின்னதாகக் குறியுங்கள். பென்சில் வேண்டாம், பேனை கொண்டுவாருங்கள்.

கேள்வி (முதலாம் வருட மாணவி): மலேரியா இன்னும் இருக்கிறதா? எங்கள் அம்மம்மா வன்னி என்றாலே நடுங்கவைக்கும் குலைப்பன் காய்ச்சல்தான் என்கிறா.

அம்மம்மா சொன்னது அவவின் காலத்துக்குச் சரி. இந்த நாட்டுக்குள்ளேயே தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. 1963இல் நாடு முழுவதுக்கும் 17 பேருக்குத்தான் மலேரியா இருந்தது. முடிந்தது என்று தளர்ந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடியும் முன் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. நுளம்பு எங்கேயும் போகவில்லை. குலைப்பனோடு காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் வெளிநாடு போய் வந்தாரா என்று கேளுங்கள்.

கேள்வி (மூன்றாம் வருட மாணவன்): வயலுக்குள் இறங்கினால் எலிக்காய்ச்சலுக்கு டொக்சிசைக்கிளின் எத்தனை குளிசை போட வேண்டும்?

முதல் பந்தியைப் படித்தீர்களா? விதைப்புக் காலத்தில் வயலுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் குளிசை பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மூலமும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்திலும் இலவசம். அளவை அங்கே கேளுங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள், அதை நான் சொல்லலாம்.

கேள்வி (இரண்டாம் வருட மாணவி): அக்கா, பாம்பு இருக்கிறதா?

மேலே எழுதியிருக்கிறேன் பிள்ளை. பாய், வலை, டோர்ச்.

கேள்வி (ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒருவர்): ஒரு கேள்வி, கோபத்தோடுதான். வருடா வருடம் வருகிறார்கள், எழுதுகிறார்கள், போகிறார்கள். என்.ஜி.ஓ. வந்தது, கம்பஸ் வந்தது, வெளிநாட்டுக்காரர் வந்தார்கள். எங்கள் வீட்டு மலசலகூடத்தை நான் ஆறு பேருக்குக் காட்டியிருக்கிறேன். எங்களுக்கு என்ன கிடைத்தது? நாங்கள் என்ன மிருகக்காட்சிச்சாலையா?

நியாயம் அண்ணை. இதற்கு நான் சப்பைக்கட்டுக் கட்டமாட்டேன். ஒரு முறை வந்த குழு ஊரில் எல்லோருக்கும் பிரஷர் பார்த்தது. ஒரு ஐயா அடுத்த வருடக் குழுவிடம் கேட்டார், "போன வருசம் பாத்தியள், எனக்கு எவ்வளவு இருந்தது?" பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கொப்பி எங்கேயோ ஒரு அலுமாரியில். அந்த ஐயாவின் கையில் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்திருந்தால் போதும்.

(இறுதியாண்டு மாணவர் குறுக்கே வருகிறார்): இது கொஞ்சம் அநியாயம் அக்கா. நாங்கள் சம்மதம் வாங்கித்தான் கேட்கிறோம். சமூகத்துக்குள் போய்ப் படிப்பது உலகம் ஏற்றுக்கொண்ட முறை. எங்கள் யாழ்ப்பாண மருத்துவபீடம் தொடங்கிய அதே 1978இல்தான் எல்லோருக்கும் ஆரம்ப சுகாதாரம் என்ற அல்மா ஆட்டா பிரகடனமும் வந்தது. மக்கள் பங்கேற்பு என்று அதிலேயே இருக்கிறது.

இருக்கிறது தம்பி, நானும் பயிற்சியில் படித்தேன். தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதில் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமை என்று இருக்கிறது. உங்கள் படிவத்தைத் தயாரித்தபோது இந்த ஊரில் யாரிடம் கேட்டீர்கள்? அவரிடம் கேட்டிருந்தால் மலசலகூடக் கேள்வியை வெட்டியிருப்பார். பி.எச்.ஐ.யிடம் அந்தக் கணக்கு இருக்கிறது, போய் வாங்கலாம்.

(புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா): எனக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தது படிக்க வந்த பிள்ளைகள்தான். கால் புண்ணைப் பார்த்து, விடாமல் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களைப் பேச வேண்டாம்.

(ஒட்டுசுட்டான்காரர்): அம்மா, உங்களுக்கு நல்லது நடந்தது சந்தோசம். நான் பிள்ளைகளைப் பேசவில்லை. திரும்பி வாருங்கள் என்கிறேன்.

(இறுதியாண்டு மாணவர்): திரும்பி வர எங்களுக்கு அடுத்த வார்ட் பயிற்சி இருக்கிறதே. பஸ்ஸும் தர மாட்டார்கள்.

பஸ் தராவிட்டால் கடைசி நாளை வீடு வீடாகப் போவதற்கு வைக்காமல் முன்பள்ளி மண்டபத்தில் வையுங்கள். பாய் விரியுங்கள், தேத்தண்ணி நான் போடுகிறேன். இந்த ஊரில் என்ன கண்டீர்கள் என்று ஊருக்குச் சொல்லுங்கள். பவர்பொயின்ட் வேண்டாம், கரண்ட் போகும். பிரஷர் பார்த்த ஒவ்வொருவரின் கையிலும் இலக்கமும் திகதியும் எழுதிய துண்டு இருக்க வேண்டும். ஒரு குழு இப்படிச் செய்தது. அன்று ஊர்ச்சனம் மாணவர்களின் கணக்கில் இரண்டு பிழை பிடித்தார்கள். மாணவர்கள் பாழடைந்தது என்று எழுதிய கிணறு மாரியில் பாதி ஊருக்குத் தண்ணீர் தருகிற கிணறு.

கேள்வி (நாலாம் வருட மாணவன்): சிறுநீரக நோய்க்குத் தண்ணீர்தான் காரணமா? வவுனியாப் பக்கம் கூட என்கிறார்களே.

1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டுபிடித்த அந்த வருத்தம் வவுனியாவிலும் இருக்கிறது. காரணம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. தண்ணீர், வெக்கை, பூச்சிமருந்து என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். அடுப்படிக்குப் போக அனுமதி கேட்டு கேத்தலின் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். ஒரு வீட்டில் நான் கரண்டிக் காம்பால் சுரண்டினேன், முட்டைக்கோது மாதிரி வெள்ளைப் படை பெயர்ந்து வந்தது. அது தண்ணீரின் கடினம், வருத்தத்தின் அத்தாட்சி இல்லை, பயமுறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளின் முன்பல்லில் மண்ணிறக் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள், அது புளோரைட்டாக இருக்கலாம். அதைப் பல்லு விளக்கவில்லை என்று ஏசுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (இரண்டாம் வருட மாணவன்): அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, வந்த வீட்டுக்குப் போகலாமா?

வாசலில் வேப்பிலை கண்டால் நில்லுங்கள், கூப்பிட்டால் போங்கள். உங்களுக்கு முன்பு வந்ததா, ஊசி போட்டதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வற்றாப்பளை அம்மனின் மண்ணில் நின்று 'இதெல்லாம் மூடநம்பிக்கை' என்று தொடங்கினால் அந்த வீட்டில் கர்ப்பிணி இருப்பதைக்கூட உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். கர்ப்பிணி இருந்தால் உடனே மிட்வைஃபுக்குச் சொல்லுங்கள், அதுதான் அவசரம்.

கேள்வி (முதலாம் வருட மாணவன்): சிக்னல் வருமா? என்ன கொண்டுவர வேண்டும்? பாம்பு?

குளக்கட்டில் ஏறினால் வரும். மேலே. மேலே.

கேள்வி (மீண்டும் ஒட்டுசுட்டான்காரர்): தங்கச்சி, சண்டை முடிந்தது. இது சொந்தக் கேள்வி. அம்மாவுக்கு முதுகில் ஒரு செல் (எறிகணை) துண்டு இருக்கிறது, 2009இலிருந்து. இப்போது நாரி நோ என்று எம்.ஆர்.ஐ. எடுக்க எழுதியிருக்கிறார்கள். துண்டு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரச்சினை இல்லையே?

அண்ணை, பிரச்சினை வரலாம். அந்த மெசினுக்குள் பெரிய காந்தம் இருக்கிறது. சில உலோகத் துண்டு அசையும், சிலது சூடாகும். முள்ளந்தண்டுக்குக் கிட்ட என்றால் விளையாட்டு இல்லை. எல்லாத் துண்டும் ஆபத்தில்லை, ஆனால் அதை முடிவெடுக்க வேண்டியது எக்ஸ்ரே பார்த்த டொக்டர், நீங்களோ நானோ இல்லை. திகதிக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். துண்டு தெரிகிற பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள்.

படிக்க வரும் பிள்ளைகளும் இதை எழுதிக்கொள்ளுங்கள். இங்கே பிறந்து நாற்பது, ஐம்பது வயதான ஆளிடம் ஒவ்வாமை கேட்கிற இடத்திலேயே "உடம்பில் செல், சன்னம் ஏதாவது இருக்கா?" என்றும் கேளுங்கள். தோளில் கட்டி என்று ஒரு மாணவி ஒரு பக்கம் வர்ணித்து எழுதினாள், அளவு, அசைவு, எல்லாம் சரி. அந்தத் தாய் சிரித்துக்கொண்டு, "அது மாத்தளனிலை வந்தது பிள்ளை" என்றார். 2009இல் போரின் கடைசி மாதங்களில் சனம் அகப்பட்டிருந்த இடம் அது.

அண்ணை, அம்மாவின் கிளினிக் புத்தகத்தின் முன்மட்டையில் சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதுங்கள்: முதுகில் உலோகத் துண்டு. இன்று இரவே.