‘இனி கவனமாக இருப்பேன்’ – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள மேடம்,

போரூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சர்ஜிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. சில மாதங்களாக எங்கள் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட், எல்லோரும் மாதம் ஒரு ‘ரிஃப்ளெக்‌ஷன்’ எழுதித் தர வேண்டும் என்கிறார், அதாவது நம் வேலையை நாமே திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்பு. கிப்ஸ் சைக்கிள் என்று ஆறு கட்டம் போட்ட ஆங்கிலப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், ஒருத்தி எழுதுவதைப் பார்த்து மற்றவர்கள் எழுதுகிறோம். எல்லாம் ‘இனி கவனமாக இருப்பேன்’ என்றுதான் முடிகிறது.

இதனால் நிஜமாகவே பயன் உண்டா? 12 மணி நேர நைட் டியூட்டி முடித்துவிட்டு எப்போது எழுதுவது? தமிழில் எழுதலாமா? என் தவறை நானே எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அது எனக்கே எதிராகத் திரும்பாதா? லண்டன் போன சீனியர் அக்கா ஒருவர், அங்கே இது இல்லாமல் ரெஜிஸ்ட்ரேஷனே புதுப்பிக்க மாட்டார்கள் என்கிறார். அதுவும் உண்மையா?

எம்.

(பெயரும் மருத்துவமனையும் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

---

அன்புள்ள எம்.,

உங்கள் வார்டில் எல்லாக் குறிப்பும் ஒரே வரியில் முடிகிறது என்றால் பழி உங்கள் மேல் மட்டும் இல்லை. கேனுலா (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) போடக் கற்றுத்தராமல் ட்ரேயை மட்டும் கையில் கொடுத்த கதைதான் இது. படிவம் வந்தது, ஒரு நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்று யாரும் காட்டவில்லை.

முதலில் ஒரு தடை போட்டுக்கொள்ளுங்கள். ‘கவனமாக இருப்பேன்’, ‘கவனிக்கத் தவறிவிட்டேன்’, ‘இன்னும் கற்றுக்கொள்வேன்’ ஆகிய மூன்றும் உங்கள் குறிப்பில் வரக் கூடாது. நீங்கள் மனதாரத்தான் எழுதுகிறீர்கள், தெரியும். ஆனால் அந்த வரி விழுந்ததும் யோசனை நின்றுவிடுகிறது. நாளைக்கு டியூட்டியில் எது மாறும் என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நம் ஊரில் ரிஃப்ளெக்‌ஷன் மன்னிப்புக் கடிதமாகிவிட்டது. மேலதிகாரி படிக்கப்போகிறார் என்றதும் கை தானாக ‘தவறிவிட்டேன்’ என்று எழுதுகிறது.

விளக்கத்துக்காக ஒரு நிகழ்வைக் கற்பனை செய்துகொள்வோம். ஐம்பதுகளில் இருக்கும் ஆண், வயிற்று ஆபரேஷன் முடிந்து இரண்டாவது நாள். இரவு 10 மணிக்கு பல்ஸ் 96, பி.பி. 118/76, டெம்பரேச்சர் 99.6, ஆக்ஸிஜன் அளவு 97, மூச்சு 20. ஒன்றரை மணிக்கு அவர் மனைவி வந்து, ‘அவரு என்னமோ மாதிரி இருக்காரு சிஸ்டர், மூச்சு வாங்குது’ என்கிறார். ‘ஆபரேஷன் பண்ணா அப்படித்தாம்மா இருக்கும்’ என்று பதில் சொல்லி அனுப்பப்படுகிறது. 2 மணிக்கு பல்ஸ் 108, பி.பி. 112/70, டெம்பரேச்சர் 100.8, ஆக்ஸிஜன் 95, மூச்சு மறுபடியும் 20. ஐந்தரைக்கு பி.பி. 88/50. டியூட்டி டாக்டர் வருகிறார், மூச்சை எண்ணுகிறார், 32. ஐ.சி.யூ.வுக்கு மாற்றுகிறார்கள்.

வழக்கமான குறிப்பு, ‘நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கவனிக்கவில்லை’ என்று முடியும். முடிவு தெரிந்தவர்கள் எழுதும் வாக்கியம் இது. விளைவு தெரிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும். ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் 1975இலேயே இதைச் சோதனைகளில் காட்டினார். ஆகவே 2 மணிக்குத் திரும்பிப் போங்கள். அப்போது உங்களுக்குத் தெரிந்தது என்ன? எந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது? எதைத் தேர்ந்தீர்கள், எதை நம்பித் தேர்ந்தீர்கள்?

அப்படிப் பார்த்தால் மூன்று இடங்கள் தெரியும்.

முதலாவது, அந்த 20. பல்ஸ், பி.பி., ஆக்ஸிஜன் எல்லாம் மிஷினில் வந்துவிடும். மூச்சை மட்டும் ஆள் நின்று எண்ண வேண்டும், முழுதாக 60 நொடி. இரவில் ஒரு நர்ஸுக்கு 14 பேர் என்றால் ஒரு ரவுண்டுக்கு 14 நிமிடம் அதற்கே போய்விடும். அதனால் முந்தைய எண்ணைப் பார்த்து 18 அல்லது 20 என்று போடுவது உலகம் முழுக்க வார்டுகளில் இருக்கும் பழக்கம். விலை என்ன என்று பாருங்கள். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017இல் வெளியிட்ட ‘நியூஸ் 2’ (பல்ஸ், மூச்சு போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று பார்க்கும் முறை) கணக்குப்படி, 2 மணிக்கு அவருடைய பல்ஸுக்கு 1, ஆக்ஸிஜனுக்கு 1, காய்ச்சலுக்கு 1, மூச்சு 20க்கு 0. மொத்தம் 3. மூச்சு 25 அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அதற்கு மட்டுமே 3. மொத்தம் 6 ஆகியிருக்கும். 5 வந்தாலே டாக்டரை அவசரமாகக் கூப்பிட வேண்டும். 2 மணிக்கு உண்மையில் எவ்வளவு இருந்தது என்று இப்போது யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான் எழுத வேண்டும். ‘20 என்று எழுதினேன், எண்ணவில்லை’ என்பது நேர்மையான வரி, பயன்படும் வரி.

இரண்டாவது, மனைவிக்குச் சொன்ன பதில். அந்தப் பதிலைச் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ‘உறவினருக்கு ஆறுதல் கூறப்பட்டது’ என்று எழுதினால் நடந்தது மறைந்துபோகும். 40 நோயாளிகளைப் பார்த்த நமக்குத் தெரியாத ஒன்று அந்த அம்மாவுக்குத் தெரியும்: அவர் சாதாரணமாக எப்படி இருப்பார் என்பது. ‘என்னமோ மாதிரி’ என்பது வார்டில் கிடைக்கும் தகவல்களிலேயே மலிவானது, அதனாலேயே தள்ளப்படுவது.

மூன்றாவது, ஏன் டாக்டரைக் கூப்பிடவில்லை? இங்கேதான் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். 11 மணிக்கு வேறொரு பெட்டுக்காகக் கூப்பிட்டபோது ‘இதுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க’ என்று எரிந்து விழுந்திருப்பார். இரண்டாவது முறை கூப்பிடக் கையில் ஒரு எண் வேண்டும். எண்ணாததால் எண் இல்லை. ஆக, முதல் இடமும் மூன்றாவது இடமும் ஒரே முடிச்சு. இந்த முடிச்சைக் கண்டுபிடிப்பதுதான் அலசல். ‘பயந்தேன்’ என்று படிவத்தின் உணர்வுக் கட்டத்தில் ஒரு சொல் எழுதிவிட்டு நகர்ந்தால் இது கிடைத்திருக்காது.

இப்போது ‘இனி என்ன’ என்ற பகுதி. அதில் எழுதுவது, பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். உதாரணமாக: ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று நாள், காய்ச்சல் உள்ளவர்கள், ஆக்ஸிஜனில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மூச்சை 60 நொடி எண்ணுவேன். எண்ணும்போது பல்ஸ் பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வயிற்றையும் மார்பையும் பார்ப்பேன். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் பலருக்கு மூச்சு மாறிவிடும். உறவினர் ‘வழக்கம்போல இல்லை’ என்றால் ஐந்து நிமிடத்துக்குள் எல்லா வைட்டல்ஸும் (பல்ஸ், பி.பி., மூச்சு போன்றவை) எடுத்து, அவர் சொன்ன சொல்லையும் நர்ஸஸ் நோட்டில் எழுதுவேன். டாக்டரிடம் பேசும் வாக்கியத்தை முன்கூட்டியே கட்டி வைத்திருப்பேன்: ‘சார், சர்ஜிக்கல் வார்டு, 12வது பெட். வயிற்று ஆபரேஷன், ரெண்டாவது நாள். மூச்சு 26, பல்ஸ் 108, டெம்பரேச்சர் 100.8. பத்து மணியைவிட எல்லாம் ஏறியிருக்கு. இன்ஃபெக்‌ஷனா இருக்குமோன்னு தோணுது. நீங்க வந்து பாக்கணும்.’ எஸ்பார் (நிலைமை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, வேண்டியது) என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்களே, அந்த நான்கும் இதில் இருக்கின்றன. கடைசி வாக்கியத்தைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள்.

நடக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. அடுத்த மூன்று நைட்டில் நீங்கள் எழுதிய மூச்சு எண்களைப் பாருங்கள். 17, 19, 23 என்று ஒற்றைப்படை எண்கள் வந்திருந்தால் முழு நிமிடம் எண்ணுகிறீர்கள். எல்லாம் இரட்டைப்படை என்றால் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறீர்கள். எல்லாம் 20 என்றால், சொல்லத் தேவையில்லை.

ஒருவருக்கு 14 பேர் என்பதை நீங்கள் தனியாகச் சரிசெய்ய முடியாது. அதைக் குறிப்பில் ஒரு வரியாக எழுதி இன்சார்ஜ் சிஸ்டரிடம் தனியாகக் கொடுங்கள். சொந்தச் செயலையும் ஆள் பற்றாக்குறையையும் ஒரே பத்தியில் கலந்தால் இரண்டும் கெடும்; படிப்பவர் அதைச் சாக்கு என்று தள்ளிவிடுவார், நீங்களும் உங்கள் பங்கைப் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள்.

எதை எழுதுவது என்று தேடி அலையாதீர்கள். எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறொன்று என்ற இடம்தான் தலைப்பு. அது நல்லதாகவும் இருக்கலாம். ஊசி என்றாலே வார்டையே கூட்டும் குழந்தை உங்களிடம் மட்டும் கையை நீட்டியதென்றால், அன்றைக்கு நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், முதலில் என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். தானாக நடந்த நல்லது, எழுதிப் பார்க்காவிட்டால் மறுமுறை கைக்கு வராது. டொனால்ட் ஷோன் 1983இல் இரண்டு வகை சொன்னார்: வேலை முடிந்த பின் யோசிப்பது ஒன்று, வேலையின் நடுவிலேயே யோசித்துக் கையை மாற்றுவது இன்னொன்று. முதலாவதைப் பழகியவர்களுக்கு இரண்டாவது மெல்ல வரும்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். நைட் முடித்த காலையில் எழுதவே வேண்டாம். தூக்கம் கெட்ட தலை அழும், அல்லது யாரையாவது திட்டும். கிளம்புவதற்கு முன் மூன்று நிமிடம் மட்டும், சின்ன நோட்டில் நேரம், எண், பேசிய சொற்கள். அவ்வளவே. இவைதான் முதலில் மறப்பவை. தூங்கி எழுந்து, இரண்டு நாளுக்குள் 20 நிமிடம் உட்காருங்கள். ஒரு பக்கம் போதும். நடந்தது கால் பக்கத்தைத் தாண்டக் கூடாது. அலசலுக்கு அரைப் பக்கம். மீதி ‘இனி என்ன’வுக்கு. பெரும்பாலானவர்களின் குறிப்பில் முக்கால் பக்கம் கதையே ஓடிவிடுகிறது. பூந்தமல்லி ரோட்டு பஸ்ஸில் போனில் பேசிப் பதிவு செய்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், பக்கத்து சீட்டுக்கும் கேஸ் ஹிஸ்டரி தெரிந்துவிடும்.

தமிழில் எழுதுங்கள். அந்த அம்மா பேசியதும் நீங்கள் பேசியதும் தமிழ். ஆங்கிலத்தில் எழுதும்போது தெரிந்த வாக்கியங்களைத்தான் எழுத முடிகிறது, அதனால்தான் எல்லோருடையதும் ஒன்றுபோல இருக்கிறது. யோசித்து முடித்த பிறகு படிவத்துக்கு ஆங்கிலத்தில் சுருக்கிக்கொள்ளலாம்.

படிவத்தைக் கண்டு பயம் வேண்டாம். கிரஹாம் கிப்ஸ் 1988இல் அந்த ஆறு கட்டங்களைப் பொதுவாகக் கற்பித்தலுக்காகப் போட்டார்: நடந்தது, உணர்வு, நல்லது கெட்டது, அலசல், முடிவு, அடுத்த திட்டம். ஆறும் சம அளவில் நிரம்ப வேண்டும் என்று எங்கும் இல்லை. அது சுமையாகத் தெரிந்தால் டெர்ரி போர்ட்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1970இல் சொன்ன மூன்று கேள்விகள் போதும்: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன.

இனி உங்கள் பயம். அது நியாயமானது. நோயாளியின் பெயர், ஐ.பி. எண், பெட் எண், தேதி எதுவும் குறிப்பில் வேண்டாம். ‘ஐம்பதுகளில் ஆண், ஆபரேஷன் முடிந்து இரண்டாவது நாள்’ போதும். ஊரே பேசிய அபூர்வமான கேஸ் என்றால் பெயரில்லாமலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதை விட்டுவிடுங்கள். வாட்ஸப் குரூப்பில் போடவே கூடாது. அடுத்தவர் மேல் ஊகங்கள் வேண்டாம்: ‘டாக்டர் அலட்சியமாக இருந்தார்’ என்பது ஊகம், ‘11 மணிக்கு இப்படிச் சொன்னார்’ என்பது நடந்தது. இன்சிடென்ட் ரிப்போர்ட், அதாவது தவறோ விபத்தோ நடந்தால் மருத்துவமனைக்குத் தரும் அறிக்கை, முற்றிலும் வேறு காகிதம். அது உடனே போக வேண்டும், நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். ரிஃப்ளெக்‌ஷன் எழுதும்போது ஞாபகம் வந்ததென்று கேஸ் ஷீட்டில் பழைய எண்ணைத் திருத்தாதீர்கள். அதுதான் உண்மையில் வேலையைப் பறிக்கும். பிரிட்டனில் டாக்டர்களின் கவுன்சில், விசாரணைக்காக இந்தக் குறிப்புகளைத் தானாகக் கேட்பதில்லை என்று சொல்லியிருக்கிறது. ஆனாலும் அங்கே நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். எழுதியது ஒருநாள் படிக்கப்படலாம் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

எழுதுவதைவிட ஒரு படி மேலே போக விரும்பினால் ஒரு தோழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேன்டீனில் 15 நிமிடம். கேட்பவர் கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும்; ‘நானா இருந்தா’ என்று ஆரம்பித்தால் அன்றைய அமர்வு முடிந்தது. உங்கள் அப்ரைசல் எழுதுபவர் அந்தத் தோழியாக இருக்கக் கூடாது. சூப்பரிண்டெண்டெண்டிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இதற்கு மார்க் போடாமல் இருக்க முடியுமா என்று. மார்க் போட்டால் நடிப்புதான் வரும். மருத்துவக் கல்லூரிகளில் 2019 பாடத்திட்டத்தோடு மாணவர்களின் லாக்புக்கிலும் ரிஃப்ளெக்‌ஷன் வந்துவிட்டது. அங்கேயும் காப்பியடிக்கும் கதை உண்டு.

ஒரே நிகழ்வு இரவெல்லாம் தலைக்குள் ஓடி, புதிய கேள்வி எதுவும் பிறக்காமல் அதே வாக்கியமே திரும்பத் திரும்ப வந்தால் நோட்டை மூடிவிடுங்கள். அது ரிஃப்ளெக்‌ஷன் கிடையாது. யாரிடமாவது பேசுங்கள். தூக்கம் தொடர்ந்து கெட்டால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

அக்கா சொன்னது உண்மைதான். பிரிட்டனில் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 2016 முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது, 450 மணி நேர வேலை, 35 மணி நேரப் பயிற்சி ஆகியவற்றோடு ரிஃப்ளெக்‌ஷன் குறிப்புகளும் கேட்கிறது. அவற்றை அங்கே பதிவுபெற்ற இன்னொருவரிடம் உட்கார்ந்து பேசியிருக்கவும் வேண்டும். எத்தனை குறிப்பு தெரியுமா? மூன்று வருடத்துக்கு ஐந்து. உங்கள் மருத்துவமனை கேட்பது 36. சூப்பரிண்டெண்டெண்டிடம் மார்க் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.