அவங்க சொன்னா சிரிப்பு, நான் சொன்னா எச்சரிக்கைக் கடிதமா?

உங்கள் தொப்பையைக் குழுவிலுள்ள பெண்கள் கிண்டலடித்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள், ஒருவரின் உடையைப் பற்றி நீங்கள் பேசியதற்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம் என்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள் நண்பரே. "அவங்களும்தானே செஞ்சாங்க" என்று ஆரம்பித்தால், மனிதவளப் பிரிவின் காதில் அது தப்பிக்கப் பார்ப்பவரின் பேச்சாகத்தான் விழும். கடிதத்துக்கான பதிலை முதலில் தனியாகக் கொடுத்து முடியுங்கள். அப்புறம் தொப்பை விவகாரம்: யார், எப்போது, என்ன வார்த்தை, கூட யார் இருந்தார்கள் என்று தேதிவாரியாக எழுதி, நடத்தை விதிகளில் எந்தப் பிரிவை மீறுகிறது என்றும் குறிப்பிடுங்கள்.

"பெண்களுக்குத்தான் எல்லாச் சலுகையும்" என்ற உங்கள் வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்த ஆன் ஹாப்கின்ஸ் என்ற பெண்ணுக்குப் பங்குதாரர் பதவி கிடைக்காதபோது, இன்னும் பெண்மையாக நடக்கவும் மேக்கப் போடவும் அறிவுரை சொன்னார்கள். (கணக்குவழக்குக்கும் உதட்டுச் சாயத்துக்கும் என்ன சம்பந்தமோ!) பெண் இப்படித்தான் இருக்கணும் என்ற எதிர்பார்ப்பை வைத்துப் பதவியை மறுப்பது பாகுபாடுதான் என்று 1989இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. "ஆம்பளைன்னா தாங்கிக்கணும்" என்பதும் அதே ரகம்தான். புகாரில் இந்தக் கோணத்தைப் பிடியுங்கள். அந்த உடைப் பேச்சை நியாயப்படுத்தி ஒரு வரிகூட வேண்டாம்.