50 கோழிகளுக்குக் கூடு: எச்சக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: வீட்டின் பின்புறம் 60 அடிக்கு 40 அடி காலியிடம் இருக்கிறது. இப்போது எட்டுக் கோழிகளை ஒரு மரக்கூட்டில் அடைக்கிறோம். முட்டைக்காக 50 கோழிகள் வரை வளர்க்க எண்ணம். பகலில் வெளியே விடுவோம். இதே கூட்டை ஆறு மடங்கு பெரிதாகச் செய்தால் போதுமா? தரைக்கு மண் நல்லதா, சிமெண்ட் நல்லதா?

பதில்: ஆறு மடங்கு பெரிய மரக்கூடு வேண்டாம். எட்டுக் கோழிகளின் கூட்டை வெளியே நின்றபடி கையை விட்டே சுத்தம் செய்துவிடலாம். 50 கோழிகள் என்றால் ஆள் நிமிர்ந்து நடமாடும் கொட்டகை வேண்டும். ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். அது போடும் எச்சமும் ஏறக்குறைய அதே எடை இருக்கும். ஆக, 50 கோழிகளுக்குத் தினமும் ஐந்தாறு கிலோ எச்சம். அதில் முக்கால் பங்கு தண்ணீர். இதோடு இரவு முழுக்க அவை விடும் மூச்சின் ஈரமும் சேர்கிறது. பெரிய கூடுகளில் நான் பார்க்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஈரத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் எச்சம் எங்கே விழும், ஈரம் எப்படி வெளியேறும், ஆள் எப்படி உள்ளே போய் அள்ளுவார் என்ற மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு அப்புறம் அளவுக்கு வாருங்கள்.

பகலில் வெளியே விடுவதாக இருந்தால், உள்ளே கோழிக்கு 2 சதுர அடி இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் விடாத மழை, பனி, நோய்ப் பரவல் என்று நாள்கணக்கில் அடைத்து வைக்க வேண்டிய காலம் எந்த ஊரிலும் வரும். அப்போது நெருக்கடியில் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்துவிடும். கோழிக்கு 4 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 அடி நீளம், 10 அடி அகலம், மொத்தம் 200 சதுர அடி. உங்கள் இடத்துக்கு இது பெரிய பாரமில்லை. வெளி முற்றத்துக்குக் கோழிக்கு 10 சதுர அடி, அதாவது 500. முடிந்தால் அப்படி இரண்டு முற்றங்களாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுங்கள். ஒன்றில் கிளறி முடித்தபின் மற்றொன்றில் புல் துளிர்க்கும், குடற்புழுக்களின் பெருக்கமும் குறையும்.

கொட்டகை மேட்டில் நிற்க வேண்டும். தரைமட்டம் சுற்றுப்புறத்தைவிட ஓரடியாவது உயரமாக இருக்கட்டும். வெயில் அதிகமுள்ள பகுதி என்றால் நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமையட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களில் விழுந்து போய்விடும். கூரை சுவரைத் தாண்டி மூன்றடி நீண்டிருந்தால் சாரல் உள்ளே அடிக்காது. கூரைத் தண்ணீர் முற்றத்துக்குள் விழாதபடி ஒரு வாய்க்கால் வைத்து வெளியே திருப்பிவிடுங்கள்.

காற்றோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூடு கட்டுபவர்கள் இதில்தான் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்பின் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றியாக வேண்டும். புழுக்கமான கொட்டகையில் அந்த மூச்சிரைப்பும் உதவாது. ஆகவே நீளச் சுவர்களை ஒன்றரை அடி உயரத்துக்கு மட்டும் கட்டி, அதற்குமேல் கூரை வரை கம்பி வலை அடியுங்கள். 10 அடி அகலம் என்பதால் எதிரெதிர் வலைகளுக்கிடையே காற்று தடையில்லாமல் ஓடும். குளிர் பகுதிக்காரர்களுக்கு வலைப் பகுதி குறைவாக இருக்கலாம். ஆனால் கூரைக்குச் சற்றுக் கீழே, கோழிகள் உட்காரும் உயரத்துக்கு மேலே, குளிர்காலத்திலும் மூடாத திறப்பு இருந்தே ஆக வேண்டும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கோழி குளிரைத் தாங்கிவிடும். குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் கொண்டையும் தாடையும் பனியில் வெந்து கருக்கின்றன. மழைக்குத் திரை கட்டுவதாக இருந்தால் அது கீழிருந்து மேலே ஏறும் திரையாக இருக்கட்டும். மேலே எப்போதும் இடைவெளி கிடைக்கும்.

காற்று போதுமா என்று சோதிக்க, விடியற்காலையில் கொட்டகைக்குள் போய்க் கோழியின் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். எச்சத்தின் காட்டமான வாயுவான அம்மோனியா கிளம்புவது தரையிலிருந்து என்பதால் நின்றபடி முகர்ந்தால் சரியாகத் தெரியாது. காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பண்ணைகளில் வைத்திருக்கும் வரம்பு. அதற்குமேல் போனால் கண்ணும் மூச்சுக்குழலும் கெட ஆரம்பிக்கும். தினமும் உள்ளே போகிறவரின் மூக்கு பழகிவிடும், அதனால் வாரம் ஒருமுறை வீட்டில் வேறு யாரையாவது முகரச் சொல்லுங்கள்.

சரி, தரை. சிமெண்ட் போடுங்கள் என்பதே என் பதில். மண் தரை செலவில்லாதது, கோழிக்கும் பிடிக்கும். ஆனால் எலி வளை தோண்டும், அடியில் ஈரம் ஏறும், ஒரு நோய் வந்து போனால் கழுவ வழியில்லை. சிமெண்ட் தரையின்மேல் உமியோ மரச்சீவலோ மூன்று நான்கு அங்குலம் பரப்பி ஆழ்கூள முறையில் விட்டுவிடலாம். கோழிகளே கிளறும், நீங்களும் வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். கெட்டிப்பட்ட இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புதுக் கூளம் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒரு பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உதிர்ந்தால் சரியான பதம். ஈரக் கூளத்தில்தான் ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். ஈரம் கண்டதும் சுண்ணாம்பு தூவும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, எச்சத்தோடு சுண்ணாம்பு சேர்ந்தால் அம்மோனியா இன்னும் அதிகமாகக் கிளம்பும். ஈரக் கூளத்தை அள்ளிக் கொட்டுவதே மேல்.

ராத்திரி விழும் எச்சம் முழுவதும் ஒரே இடத்தில் விழும்படி செய்துவிட்டால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். கோழிகள் அடையும் கட்டைகளைக் கொட்டகையின் ஒரு கோடியில் மட்டும் வையுங்கள். ஒரு கோழிக்கு 9 அங்குலம் என்றால் 50 கோழிகளுக்கு ஏறக்குறைய 38 அடி. 10 அடி அகலத்தில் குறுக்காக நான்கு கட்டைகள் போட்டால் தீர்ந்தது. கட்டைகளுக்கிடையே ஓரடிக்குக் குறையாத இடைவெளி, எல்லாம் ஒரே உயரம். உயர்ந்த கட்டை ஒன்று இருந்தால் அதற்காகத் தினமும் மாலையில் சண்டை நடக்கும். கட்டை இரண்டங்குல அகலமாவது இருக்க வேண்டும், விளிம்பை இழைத்துவிடுங்கள். தரையிலிருந்து இரண்டரை மூன்றடி போதும். அதற்கு மேலே வைத்தால் கனமான கோழிகள் குதித்து இறங்கும்போது பாதம் காயப்பட்டுப் புண்ணாகும். கட்டைக்கு அடியில் எச்சம் விழ ஒரு பலகைத் தட்டோ, கோழி நுழையாதபடி வலை அடித்த குழியோ அமைக்கலாம். கட்டைகளை ஆணி அடிக்காமல் கழற்றி மாட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள் பகலில் ஒளிந்திருப்பது கட்டை சுவரோடு சேரும் அந்தச் சந்தில்தான்.

முட்டைப் பெட்டிகள் பத்து இருந்தால் தாராளம், ஐந்து கோழிக்கு ஒன்று. ஓரடி நீளம், அகலம், உயரம். தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே, வெளிச்சம் குறைந்த சுவரோரம், வரிசையாக. கோழிகள் படுக்கும் கட்டை பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பெட்டியிலேயே அடைந்து அதை நாறடித்துவிடும். பெட்டியின் மேல்மூடி சரிவாக இருந்தால் அதன்மேலும் ஏறி உட்காராது.

வாசல் மூன்றடி அகலம், தள்ளுவண்டி நுழைய வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே திறந்தால் கூளம் தடுக்கும். நிலைப்படியில் ஓரடிப் பலகை ஒன்றைச் சொருகி வைத்தால் கூளம் வெளியே சிந்தாது; அள்ளும் நாளில் எடுத்துவிடலாம். முற்றத்துக்குப் போக ஒரு சின்ன வழி போதாது, தள்ளித் தள்ளி இரண்டு வையுங்கள். வழியை மறித்து நிற்கும் முரட்டுக் கோழி எல்லாக் கூட்டத்திலும் ஒன்று இருக்கும். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை நார்வேக்காரரான ஷெல்டெரப்-எப்பே 1921-லேயே எழுதி வைத்திருக்கிறார். கூட்டம் பெரிதானால் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்வது அவற்றுக்குக் கடினமாகிறது. எளிய கோழி ஒதுங்கிப் போக இடமும் வழியும் இருந்தால்தான் வயிறார இரை தின்னும். இதே காரணத்துக்காகத் தீவனத் தொட்டிகளையும் ஒரே இடத்தில் குவிக்காமல் மூன்று நான்கு இடங்களில் வையுங்கள். தண்ணீர் 50 கோழிகளுக்குச் சாதாரண நாளில் 12 லிட்டருக்கு மேல் செலவாகும், கடும் வெயிலில் இருமடங்கு. கோழி கொத்தினால் மட்டும் சொட்டும் நிப்பிள் குழாய் வைத்தால் பத்துக் கோழிக்கு ஒன்று என்று கணக்கு. கூளம் நனையாமல் இருக்க அதுவே நல்லது.

புதுக் கோழிகளை வாங்கி வந்ததும் உங்கள் எட்டோடு சேர்த்துவிடாதீர்கள். ஒரு மாதம் தனியாக, கொட்டகையிலிருந்து தள்ளி வையுங்கள். உங்கள் பழைய மரக்கூட்டை உடைக்காமல் இதற்கு வைத்துக்கொள்ளலாம். அப்புறம் கொட்டகைக்குள் ஒரு வலைத் தடுப்புக்கு இருபுறமும் ஒரு வாரம் பார்த்துப் பழகவிட்டு, பிறகு சேர்த்தால் கொத்துச் சண்டை குறையும்.

கடைசியாகக் காவல். கடைகளில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. கீரிக்கும் பாம்புக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. அரை அங்குலக் கண் உள்ள, வெல்டு வைத்த கட்டிக் கம்பி வலை வாங்குங்கள். முற்றத்தைச் சுற்றி அதே வலையை வேலியின் அடியிலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை அடி தரையோடு விரித்து மண் மூடிவிட்டால், தோண்டி வரும் விலங்கு வேலியோரத்தில் தோண்டிப் பார்த்து வலை தட்டியதும் விட்டுவிடும். தாழ்ப்பாளில் ஒரு கொக்கியும் சேருங்கள். வலையை வெட்டி அடித்து முடித்தபின், கோழிகளை விடும் முன்பாக, ஒரு காந்தத்தைத் தரை முழுக்க, முற்றத்து மண்ணிலும், இழுத்துவிடுங்கள். பளபளக்கும் கம்பித் துணுக்கைக் கண்டால் கோழி கொத்தி விழுங்கிவிடும். அது இரைப்பையைக் குத்தும், அதன் துத்தநாகப் பூச்சு கரைந்து உடம்பில் நஞ்சாக ஏறும்.