மஞ்சள் கோடு அழிந்த இடத்தில் பார்க்கிங் டிக்கெட்: கட்டிவிடலாமா, எதிர்க்கலாமா?

கேள்வி இதுதான்: கிழக்கு லண்டனில் ஒரு பக்கத் தெருவில் மாலை நேரத்தில் காரை நிறுத்தியிருக்கிறீர்கள். திரும்பி வந்தால் கண்ணாடியில் டிக்கெட். ஒற்றை மஞ்சள் கோட்டில், அதாவது குறிப்பிட்ட நேரங்களில் நிறுத்தத் தடை உள்ள இடத்தில், நிறுத்தியதாகக் குற்றச்சாட்டு. ஆனால் அந்த இடத்தில் கோடு தேய்ந்து, மேலே தாரால் ஒட்டுப் போட்டிருப்பதால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அபராதம் 160 பவுண்ட், 14 நாளுக்குள் கட்டினால் 80. "எதிர்த்தால் பாதிச் சலுகையும் போய்விடும், பேசாமல் கட்டிவிடு" என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

கட்டாதீர்கள். அதே சமயம் அந்த 14 நாளைத் தாண்டவும் விடாதீர்கள். பணத்தைக் கட்டிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும், பிறகு எதிர்க்க வழியில்லை. அந்த 14 நாளுக்குள், டிக்கெட் கொடுத்த உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சிலுக்கு எழுதிப் போட்டால், அவர்கள் மறுத்தாலும் பெரும்பாலான கவுன்சில்கள் பாதித் தொகையைக் கட்ட மறுபடி அவகாசம் தருகின்றன. அரசின் வழிகாட்டுதலும் அப்படித்தான் செய்யச் சொல்கிறது. உங்கள் டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே இது பற்றி எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். ஆக, முதல் கடிதம் எழுதுவதால் உங்களுக்கு நஷ்டம் ஏதும் வரப்போவதில்லை. நம் ஆட்களில் எத்தனையோ பேர் இது தெரியாமல், கவுன்சில் கடிதம் என்றதும் பயந்துபோய், கட்ட வேண்டியிராத பணத்தைக் கட்டுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. டெலிவரி வேலை பார்க்கிறவர்களுக்கு 80 பவுண்ட் என்பது ஒரு நாள் உழைப்பு.

அதற்கு முன் ஒரு வேலை. இன்றைக்கே போய்ப் படம் எடுங்கள். புகார் போன பிறகு அந்தத் தெருவில் புதுக் கோடு போட்டுவிட்டால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. கோட்டை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் போதாது. தெருவுக்குள் நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்களோ, அங்கிருந்து ஓட்டுநர் கண் மட்டத்தில் ஒரு படம். கார் நின்ற இடம் முழுவதும் தெரியும்படி ஒன்று. சாலையின் இரு பக்கமும் சற்றுத் தள்ளி நின்று, பலகை ஏதும் இருக்கிறதா என்று காட்ட ஒன்று. டிக்கெட் வாங்கிய அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்தால் நல்லது. கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய படங்களைத் தேதியோடு பார்க்க முடியும். கோடு எவ்வளவு காலமாக அப்படிக் கிடக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்தில் கவுன்சில் ஒரு தெருவில் நிறுத்தத் தடை போட வேண்டுமென்றால் முதலில் அதற்கு ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். ஆணை போட்டால் மட்டும் போதாது. அந்த ஆணை என்ன சொல்கிறது என்பது சாலையைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் போதுமான அளவு தெரியும்படி குறிகளையும் பலகைகளையும் வைப்பது, வைத்ததைப் பராமரிப்பது, இரண்டும் கவுன்சிலின் கடமை. 1996ஆம் ஆண்டின் போக்குவரத்து ஆணை நடைமுறை விதிகளில் 18ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. கோடு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் சாலைக்குறி விதிகள் சொல்கின்றன. உங்கள் கடிதத்தில் இந்த இரண்டையும் குறிப்பிடுங்கள். முதலாவதுதான் முக்கியம்.

ஏன் என்றால், இணையத்தில் பலர் "கோட்டில் ஒரு இஞ்ச் விட்டுப்போயிருந்தாலும் டிக்கெட் செல்லாது" என்று எழுதுகிறார்கள். அதை நம்பிப் போனால் தோற்பீர்கள். சண்டர்லாண்டில் நீல் ஹெரன் என்பவர் இதை மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை கொண்டுபோனார். ஒரே நேரக் கட்டுப்பாடு அமலில் உள்ள தெருக்களின் தொகுதியான பார்க்கிங் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் ஆங்காங்கே கோடுகளில் குறை இருப்பதால் மண்டலமே செல்லாது என்பது அவருடைய வாதம். 2011இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குறிகள் பெருமளவு விதிப்படி இருந்து, ஓட்டுநருக்குத் தடை இருப்பது புரியும் நிலையில் இருந்தால், சின்னச் சின்னக் குறைகளால் டிக்கெட் செல்லாமல் போகாது. அன்றிலிருந்து கேட்கப்படும் கேள்வி, கோடு எவ்வளவு அழிந்திருக்கிறது என்பதல்ல. நீங்கள் நின்ற இடத்தில், நீங்கள் வந்த திசையிலிருந்து, கவனமாக ஓட்டுகிற ஒருவருக்குத் தடை இருப்பது தெரிந்திருக்குமா என்பதுதான்.

என் சொந்த அனுபவத்திலும் இந்தக் கேள்விதான் முடிவைத் தீர்மானித்தது. லண்டனுக்குள்தான். கவுன்சில் பெயர் வேண்டாம். குழாய் வேலைக்காகச் சாலையோரத்தைத் தோண்டி, மூடி, தார் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புதுத் தாரின் மேல் கோடு போடவே இல்லை. என் கார் முழுக்க அந்தக் கறுப்பு ஒட்டின் மேல்தான் நின்றது. கவுன்சில் இணையதளத்தில் டிக்கெட் எண்ணையும் வண்டி எண்ணையும் கொடுத்தால் வார்டன் எடுத்த படங்களைப் பார்க்கலாம். நானும் பார்த்தேன். ஒரு படத்தில் என் டயர், டயருக்குப் பக்கத்தில் வெறும் தார். இன்னொன்றில் பளிச்சென்று மஞ்சள் கோடு, ஆனால் அதில் என் கார் இல்லை. அது காருக்கு முன்னால் வெகு தூரம் தள்ளி எடுத்த படம். கோடும் காரும் சேர்ந்து வரும் படம் ஒன்றுகூட இல்லை. அவர்களுடைய படத்தையே எடுத்து என் கடிதத்தில் முதல் சாட்சியாக வைத்தேன்.

முதல் கடிதத்துக்கு, கோடுகள் போதிய தெளிவுடன் உள்ளன என்று ஒரு அச்சடித்த பதில் வந்தது. ஒட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானவர்கள் கையை உயர்த்திவிடுகிறார்கள். முதல் மறுப்பு என்பது கவுன்சிலின் கருத்து மட்டும்தான், தீர்ப்பு அல்ல. இரண்டாவது முறையும் மறுத்தார்கள். கவுன்சிலைச் சாராத தீர்ப்பாயமான ட்ரிப்யூனலுக்குப் போனேன், தொலைபேசியில் விசாரணை. தீர்ப்பாளர் ரொம்ப நிதானமாகக் கேட்டார். அவர் முதலில் கேட்டது, தெருவுக்குள் எந்த முனையிலிருந்து வந்தீர்கள், அங்கிருந்து கார் நின்ற இடம் வரை என்னென்ன குறிகளைத் தாண்டி வந்தீர்கள் என்பது. நான் வந்த முனையில் கோடே கிடையாது, ஒட்டுக்கு அப்பால்தான் ஆரம்பிக்கிறது. படத்தில் அது தெரிந்தது. என் பக்கம் தீர்ப்பானது.

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடு நீளமாகத் தெளிவாக வந்து, உங்கள் காருக்கு அடியில் மட்டும் ஒரு முழம் அழிந்திருந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடர்கிறது என்றால், கோடு தொடர்வது யாருக்கும் புரியும். அங்கே எதிர்ப்பது கடினம். இலை மூடியிருந்தது, மழை பெய்தது என்பதும் தனியாக நிற்காது, அத்தோடு கோடும் தேய்ந்திருந்தால் சேர்த்துச் சொல்லலாம்.

"பலகை எதுவும் இல்லை" என்ற வாதத்தையும் யோசித்து வையுங்கள். இரட்டை மஞ்சள் கோடு என்றால் எந்நேரமும் தடை, அதற்கு நேரப் பலகை தேவையே இல்லை. ஒற்றைக் கோட்டுக்கு நேரம் குறிப்பிட்ட பலகை வேண்டும், ஆனால் பார்க்கிங் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் என்றால் மண்டலத்தின் நுழைவாயிலில் உள்ள பெரிய பலகையே போதும். அதனால் நீங்கள் மண்டலத்துக்குள் இருந்தீர்களா என்பதை முதலில் பாருங்கள். இருந்தீர்கள் என்றால் வந்த வழியில் உள்ள நுழைவுப் பலகை மரக்கிளையில் மறைந்திருக்கிறதா, திரும்பிக் கிடக்கிறதா என்று போய்ப் பாருங்கள். மண்டலம் இல்லை, பலகையும் இல்லை என்றால் உங்கள் வாதம் ரொம்பவே பலமானது.

கடிதத்தில் மன்னிப்புக் கேட்கவோ இரக்கம் கேட்கவோ வேண்டாம். "குற்றம் நடக்கவில்லை" என்பதுதான் நீங்கள் எடுக்கும் காரணம். காரின் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை தரையில் கோடு இல்லை, இந்தத் திசையிலிருந்து வந்தேன், வழியில் பார்த்த குறிகள் இவை, எனவே தடை இருப்பதைத் தெரிந்துகொள்ளப் போதுமான தகவல் அங்கே இல்லை. இவ்வளவுதான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு படத்தைக் காட்டுங்கள். அந்தத் தெருவுக்கான ஆணையின் பிரதியையும் வார்டனின் குறிப்புகளையும் கேளுங்கள். குறிப்பில் கோடு தெளிவாக இருந்தது என்று அவர் எழுதியிருக்கிறாரா, எழுதவே இல்லையா என்பது பின்னால் உதவும். ஆங்கிலம் பெரிதாக அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை, சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும்.

முதல் கடிதம் மறுக்கப்பட்டு, நீங்களும் பணம் கட்டாவிட்டால், வண்டியின் பதிவு யார் பேரில் இருக்கிறதோ அவர் முகவரிக்கு "நோட்டீஸ் டு ஓனர்" வரும். இதிலிருந்து 28 நாளுக்குள் முறைப்படி மறுபடி எழுத வேண்டும். கவுன்சில் 56 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் உங்கள் வாதத்தை ஏற்றுக்கொண்டதாகவே சட்டத்தில் அர்த்தம். மறுத்தால், அந்த மறுப்புக் கடிதத்தோடு ட்ரிப்யூனலுக்குப் போகும் வழியும் வரும், அதற்கும் 28 நாள். லண்டனுக்குள் லண்டன் ட்ரிப்யூனல்ஸ், வெளியே ட்ராஃபிக் பெனால்டி ட்ரிப்யூனல். கட்டணம் கிடையாது. தோற்றால் முழுத் தொகை, உங்கள் விஷயத்தில் 160. வீண் வம்புக்காக வழக்காடினால் ஒழிய, எதிர்த்தரப்புச் செலவு உங்கள் தலையில் விழாது. அதாவது நீங்கள் பணயம் வைப்பது 80 பவுண்ட். படங்கள் நன்றாக இருந்தால் நான் வைப்பேன். லண்டனுக்கு வெளியே இதே தப்புக்கு முழுத் தொகை 70 பவுண்ட்தான், எனவே பணயம் இன்னும் குறைவு.

செய்யவே கூடாதது, கடிதங்களைப் பிரிக்காமல் வைப்பது. நோட்டீஸ் டு ஓனருக்குப் பதில் போடாவிட்டால் சார்ஜ் சர்டிபிகேட் வரும், தொகை பாதி கூடிவிடும். அதற்குப் பிறகு நார்த்தாம்டன் கவுண்டி கோர்ட் வழியாக வசூல், அப்புறம் வீட்டு வாசலில் அமலாக்க ஆள். வீடு மாறியிருந்தால் வண்டிப் பதிவில் முகவரியை மாற்றியாயிற்றா என்று இப்போதே பாருங்கள்.

இன்னொன்று: நான் சொன்னதெல்லாம் கவுன்சில் தரும் "பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்" பற்றி. சூப்பர்மார்க்கெட் வளாகத்தில் தனியார் நிறுவனம் ஒட்டும் "பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்" பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் அது ஒப்பந்தச் சட்டத்தில் வருவது, வழி வேறு.

விசாரணை என்றதும் கோர்ட்டு, கூண்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுத்து மூலமாகவே முடிவு செய்யச் சொல்லலாம், தொலைபேசியில் பேசலாம். உங்களுக்குப் பதிலாக மகளோ நண்பரோ பேசலாம். வெளிச்சமும் திசையும் முக்கியமான வழக்கு என்பதால், பேசும் வாய்ப்பை எடுத்துக்கொள்வதே நல்லது.

படங்களை எடுத்ததும் இங்கே பின்னூட்டத்தில் போடுங்கள், டிக்கெட்டில் உள்ள குற்ற எண்ணையும் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன். டிக்கெட் எண்ணையும் வண்டி எண்ணையும் மட்டும் மறைத்துவிடுங்கள். அந்த இரண்டும் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் கோப்பைத் திறந்து பார்க்கலாம்.