நல்லா ஓடுற சிஸ்டத்துக்கு எதுக்கு அப்டேட்? சில கேள்விகள், என் பதில்கள்

சார், திருப்பூரில் பனியன் கம்பெனி, 14 சிஸ்டம். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அதை ஏன் நோண்ட வேண்டும்?

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டைக்கு பேட்ச், அதாவது அதை அடைக்கிற அப்டேட், கொடுத்தது. ஓடுகிறதே என்று விட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். மே 12 அன்று வான்னாகிரை என்ற நச்சு மென்பொருள் அதே ஓட்டை வழியாக நுழைந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது, பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலைமை. நடுவில் இரண்டு மாதம் இருந்தது, கவனியுங்கள். பேட்ச் வெளியானதும் நாம் இறக்குகிற அதே ஃபைலைத் திருடனும் இறக்கி, பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம் என்று பிரித்துப் பார்ப்பான். எந்தப் பூட்டு பழுது என்று அவனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அதனால் பேட்ச் வந்த பிறகு அதைப் போடாமல் இருப்பதுதான் முன்னைவிட ஆபத்து.

அண்ணா, போன தடவை அப்டேட் போட்டதும் பிரிண்டர் படுத்துவிட்டது. முதலாளியிடம் திட்டு வாங்கியது நான்தான்.

எல்லா சிஸ்டத்திலும் ஒரே நேரத்தில் போட்டிருப்பீர்கள், சரிதானே தம்பி? மைக்ரோசாஃப்டின் மாதாந்திர பேட்ச் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும், நமக்கு அது ராத்திரி. புதன்கிழமை ஒரே ஒரு சிஸ்டத்தில் மட்டும் போடுங்கள். சும்மா கிடக்கிற சிஸ்டத்தில் போட்டுப் பிரயோஜனமில்லை, டேலி, பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மூன்றும் இருக்கிற சிஸ்டமாகப் பாருங்கள். இரண்டு நாள் அதில் வேலை நடக்கட்டும், அப்புறம் சனிக்கிழமை மற்றவற்றுக்கு. அதற்கு முன்னால் பேக்கப் எடுத்து, அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு கம்பெனி அனுப்பிய ஒரு பிழையான ஃபைல் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போனதால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டங்கள் நீலத்திரையில் நின்றன. ஆனால், 'இந்த ஓட்டையை ஏற்கெனவே பயன்படுத்தித் தாக்குகிறார்கள்' என்று அறிவிப்பிலேயே இருந்தால் சனிக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள்.

விண்டோஸ் அப்டேட் ஆன் செய்து வைத்திருக்கிறேன். போதாதா?

போதாது. ஃபைல்களைச் சுருக்கவும் விரிக்கவும் வைத்திருக்கிற வின்ரார் எல்லா ஆபீஸிலும் இருக்கும், அது தானாக அப்டேட் ஆகாது. 2023இல் அதிலிருந்த பெரிய ஓட்டை 6.23 பதிப்பில்தான் அடைபட்டது. உங்களிடம் எந்தப் பதிப்பு என்று இப்போதே திறந்து பாருங்கள். ரவுட்டர், கேமரா ரெக்கார்டர் இதெல்லாமும் கணக்கில் வரும். எதில் என்ன மென்பொருள் இருக்கிறது என்று ஒரு எக்செல் பட்டியல் இல்லாமல் இந்த வேலையே நடக்காது. அமெரிக்காவில் மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ் கம்பெனியில், வெப்சைட்களை இயக்கும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளுக்கான பேட்சைப் போடச் சொல்லி 2017 மார்ச்சில் உத்தரவு போனது, ஸ்கேனும் செய்தார்கள். அப்படியும் ஒரு சர்வர் விடுபட்டு, சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல் திருடு போனது.

எம்பிராய்டரி மெஷினோடு வந்த சிஸ்டத்தில் இன்னும் விண்டோஸ் 7. மாற்றினால் மெஷின் ஓடாது என்கிறார்கள்.

ஓடட்டும். விண்டோஸ் 7க்கு இனி பேட்ச் வராது, அதனால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். டிசைன் ஏற்றுவதற்கென்று தனியாக ஒரு பென்டிரைவ், அதை வேறெங்கும் செருகக் கூடாது.

கிராக் போட்ட சாஃப்ட்வேருக்கு பேட்ச் எப்படிப் போடுவது?

லைசென்ஸ் வாங்கிவிட்டு வாருங்கள், பேசலாம்.

கணக்குப் பிரிவில் 'பிறகு' என்பதையே அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். ரீஸ்டார்ட் செய்ய விடுவதே இல்லை.

அவர்கள் மேல் தப்பில்லை, ஜிஎஸ்டி நேரத்தில் கேட்டால் யார் விடுவார்கள்? இரண்டாம் செவ்வாய் 8இலிருந்து 14க்குள்தான் விழும், அப்படியென்றால் அடுத்து வரும் சனிக்கிழமை 12இலிருந்து 18க்குள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) முடிந்திருக்கும், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் படிவம்) இன்னும் வந்திருக்காது. வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் டேலியை மூடிவிட்டு அவர்களே கிளம்பிவிடுவார்கள்.