தொற்றுக் காலத்தில் கடைக்குப் போவதா, ஆன்லைனில் வாங்குவதா?

கேள்வி: பெருந்தொற்று பரவும்போது எல்லாவற்றையும் ஆன்லைனிலேயே வாங்கிக்கொள்வதுதான் நல்லதா?

பதில்: அப்படி ஒரேயடியாக முடிவெடுக்க வேண்டாம். மூச்சுக்காற்றில் பரவும் நோய் என்றால், கடைக்குள் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதுதான் முக்கியம். கோவிட் காலத்தில், தொற்றுள்ளவரிடமிருந்து 6 அடிக்குள் ஒரு நாளில் மொத்தம் 15 நிமிடம் இருந்தாலே நெருங்கிய தொடர்பு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வரையறுத்தது. எனவே எது வாங்கப் போனால் நேரம் இழுக்கும் என்று பாருங்கள். சோப்பு, சலவைத்தூள், டயப்பர், பேட்டரி போன்றவை எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். இவற்றை ஆன்லைனுக்கு மாற்றிவிடலாம். மீன், பழம், செருப்பு போன்றவற்றைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வாங்குவதே லாபம். கையில் பட்டியலோடு, கூட்டமில்லாத நேரத்தில் போய்ச் சட்டென்று திரும்புங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை மட்டும், தீர 10 நாள் இருக்கும்போதே ஆர்டர் செய்துவிடுங்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் ஆன்லைனுக்கு வருவதால் டெலிவரி தள்ளிப்போவது சகஜம்.

கேள்வி: மளிகை ஆர்டரில் கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று. ஏன் இப்படி?

பதில்: நீங்கள் ஆர்டர் போடும் நேரம் வேறு, ஊழியர் அலமாரியிலிருந்து பொருளை எடுக்கும் நேரம் வேறு. திரையில் இருப்பு காட்டிய பொருள் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். பதிலுக்கு வேறு பிராண்டை வைத்துவிடுவார்கள். பல செயலிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘மாற்றுப் பொருள் வேண்டாம்’ என்று குறிக்க முடியும். குழந்தைகளுக்கான பால் பவுடர், ஒவ்வாமை உள்ளவர்களின் உணவு ஆகியவற்றுக்கு இதைக் கட்டாயம் குறித்துவிடுங்கள்.

பை வந்ததும் முதலில் குளிர்பதனப் பொருட்களைத் தொட்டுப் பாருங்கள். உறைந்த பட்டாணி பாக்கெட்டைக் குலுக்கினால் மணி மணியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இறுகியிருந்தால், வழியில் உருகி மறுபடி உறைந்திருக்க வாய்ப்புண்டு. பால், இறைச்சி போன்றவை குளிர்ச்சியில்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் எடுக்காதீர்கள். 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான் கணக்கு. லேபிளும் காலாவதி தேதியும் தெரியும்படி படம் எடுத்து உடனே புகார் கொடுங்கள். மறுநாள் கொடுத்தால், உங்கள் வீட்டில்தான் கெட்டது என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: வந்த பார்சலைக் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. கொரோனா வைரஸ் அட்டையில் 24 மணி நேரமும் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரமும் இருக்கக்கூடும் என்று 2020-இல் ஆய்வகச் சோதனை காட்டியதால் எழுந்த பயம் அது. வைரஸ் பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அதே அமெரிக்க மையம் தெரிவித்தது. பார்சலைப் பிரித்த பிறகு 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காய்கறிக்குச் சோப்போ ப்ளீச்சோ கூடவே கூடாது, அது வயிற்றுக்குள் போகும். ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும்.